பாண்டியர் வாரிசுப் போரை எந்த எடிட்டரில் கட்டுவது?

கணினி விளையாட்டின் மேப் எடிட்டரைத் திறந்தவுடன் எல்லாரும் முதலில் கடற்கரையைத்தான் வரைகிறார்கள். நானும் அப்படித்தான். ராமேஸ்வரம் பக்கம் நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டும் இடத்தைச் சரியாகக் கொண்டுவர மூன்று இரவுகள் போயின. நான்காம் நாள்தான் உறைத்தது: என் கதையில் எந்தப் படையும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கதை இதுதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1310 வாக்கில் இறக்கிறார். மகன் சுந்தர பாண்டியனே அவரைக் கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார். பட்டம் தனக்குத்தான் என்று நினைத்த சுந்தரனுக்கும், தகப்பனின் செல்லப்பிள்ளையான வீர பாண்டியனுக்கும் சண்டை மூள்கிறது. அது முடிவதற்குள் தில்லித் தளபதி மாலிக் கபூர் ஹொய்சாளர் தலைநகரான துவாரசமுத்திரம் வழியாக இறங்கி, 1311 மார்ச்சில் தமிழ்ப் பகுதிக்குள் வருகிறார். வீர பாண்டியனைத் துரத்துகிறார், மழையில் மாட்டிக்கொள்கிறார். மதுரைக்கு வந்தால் ராஜா இல்லை. ஏப்ரல் முடிவதற்குள் யானைகளோடும் குதிரைகளோடும் திரும்பத் தொடங்கிவிடுகிறார்.

இதில் அரண்மனைச் சதி இருக்கிறது, துரத்தல் இருக்கிறது, முற்றுகை இருக்கிறது. கேம்பெயின் ஆக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எதில் ஆக்குவது என்பதில்தான் பல மாதம் இழுத்துக்கொண்டு கிடந்தேன். நான்கு விளையாட்டுகளின் கருவிகளில் கைவைத்துப் பார்த்தேன்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன், பேட்டில் ஃபார் வெஸ்னாத், மெடீவல் 2 டோட்டல் வார், க்ரூசேடர் கிங்ஸ் 3. இதே மாதிரி ஒரு கதையை மனதில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது உதவலாம்.

சிவிலைசேஷன் 6-இல் வேர்ல்டு பில்டர் இருக்கிறதே என்பீர்கள். மேப் வரைய அருமையான கருவி. மேப் வரைந்ததோடு அதன் வேலை முடிந்துவிடும். இன்ன நாளில் இன்னார் வந்து இப்படிப் பேச வேண்டும் என்று கதையை நடத்த அது செய்யப்பட்டதல்ல. அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டு வகை கேம்பெயின்

ஒரே பெயரில் இரண்டு பொருள் புழங்குகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் வெஸ்னாத்திலும் கேம்பெயின் என்றால் அத்தியாயங்களின் வரிசை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனி மேப். ஒன்றை ஜெயித்தால் அடுத்தது திறக்கும். எழுத்தாளர் நீங்கள்; நீங்கள் போட்ட பாதையில்தான் ஆட்டக்காரர் வருவார்.

டோட்டல் வாரிலும் க்ரூசேடர் கிங்ஸிலும் கேம்பெயின் மேப் என்பது ஒரே பெரிய நிலப்படம். மாகாணம், நகரம், துறைமுகம், படை எல்லாம் அதன் மேலேதான். ஆட்டக்காரர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வீர பாண்டியனாக ஆடுகிறவர் தில்லியைப் பற்றிக் கவலையே படாமல் ஈழத்துக்குக் கப்பல் ஏறிவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே நீங்கள் கதை எழுதுவதில்லை, கதை நடக்கக்கூடிய இடத்தை உண்டாக்குகிறீர்கள்.

இந்த வித்தியாசத்தைத் தாண்டி இன்னொன்று உண்டு, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. அது காலக் கணக்கு. மெடீவல் 2-இல் இயல்பாக ஒரு முறைக்கு, அதாவது ஒரு டர்னுக்கு, 2 ஆண்டுகள் ஓடும். மாலிக் கபூர் தமிழ்ப் பகுதியில் இருந்ததே ஏறத்தாழ ஒன்றரை மாதம். அதாவது, ஆட்டக்காரர் ஒரு தடவை 'முறை முடிந்தது' பொத்தானை அழுத்தும் நேரத்தில் என் கதையின் கடைசிப் பகுதி முழுவதும் வந்து போயிருக்கும்! கோப்பில் அந்தக் கணக்கை மாற்றலாம், ஆனால் கட்டடம் எழுப்ப ஆகும் முறைகள், படை நகரும் தூரம் என்று மற்ற கணக்குகளையும் பார்க்க வேண்டிவரும். க்ரூசேடர் கிங்ஸ் நாள் நாளாக ஓடுகிறது. வெஸ்னாத்தில் ஆறு முறைகள் சேர்ந்தால் ஒரு பகலும் ஓர் இரவும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நாட்காட்டியே கிடையாது, நீங்கள் சொல்வதுதான் தேதி.

உங்கள் கதை எத்தனை நாளில் நடக்கிறது என்று முதலில் எழுதி வையுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2

2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் சினாரியோ எடிட்டர் முகப்புத் திரையிலேயே இருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். நிலத்தை வரைந்து, மரம் நட்டு, கோட்டை வைத்து, 'டெஸ்ட்' என்று ஒரு சொடுக்கு சொடுக்கினால் உடனே ஆடிப் பார்க்கலாம். இந்த 'உடனே' என்ற சொல்லின் அருமை மெடீவல் 2-ஐத் தொட்ட பிறகுதான் தெரியும்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் திராவிடர்கள் தனி நாகரிகமாக வந்தார்கள். ராஜேந்திர சோழனுக்கு ஐந்து அத்தியாயக் கேம்பெயினும் அதில் உண்டு. உருமி வீரர், திரிசடைக் கப்பல், யானை எல்லாம் செய்து வைத்த சரக்காகக் கிடைக்கின்றன. இன்னொன்று, திராவிடர்களுக்கு நைட் வகைக் குதிரைப்படை கிடையாது. பாண்டியர்கள் காயல் துறைமுகத்தில் கடல் வழியாக வந்த குதிரைகளைக் காசு கொட்டி வாங்கிய காலம் அது என்பதை நினைத்தால், பொருத்தமாகத்தான் இருக்கிறது. தில்லிக்கு ஹிந்துஸ்தானிகளைத் தேர்ந்தெடுத்தால் அவர்களுக்கும் நைட் இல்லை என்பது வேறு விஷயம். எடிட்டரில் யாருக்கு வேண்டுமானாலும் எந்தப் படையையும் கையால் வைக்கலாம், அதனால் கவலை இல்லை.

கதையை ஓட்டுவது ட்ரிகர்கள். ஒரு நிபந்தனை, ஒரு விளைவு. 'வீர பாண்டியன் இந்தக் கட்டங்களுக்குள் வந்தால்' என்பது நிபந்தனை. 'இந்தக் கிராமம் அவன் பக்கம் மாறட்டும், இந்த வசனம் திரையில் வரட்டும்' என்பது விளைவு. நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். நான் முதல் ட்ரிகரிலேயே 'திரும்பத் திரும்ப' என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டேன். வீர பாண்டியன் ஆற்றங்கரையில் நின்று "மதுரையை விட்டு வெளியேறுங்கள்" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இருந்த தம்பி, "ஏண்ணே, பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி இருக்கு" என்றான்.

அளவு ஒரு சிக்கல். இதன் மிகப் பெரிய மேப் 480க்கு 480 கட்டம். கன்னியாகுமரியிலிருந்து துவாரசமுத்திரத்துக்குச் சற்று மேலே வரை ஆறு பாகை அட்சரேகை, சுமார் 666 கிலோமீட்டர். அதை அப்படியே அடைத்தால் ஒரு கட்டம் 1.4 கிலோமீட்டர். கோட்டை நான்குக்கு நான்கு கட்டம் என்பதால் மதுரைக் கோட்டையின் ஒரு பக்கம் ஐந்தரை கிலோமீட்டர் நீளும். ஒரு உருமி வீரர் நடந்தே பத்து நிமிடத்துக்குள் தமிழ்நாட்டைத் தாண்டிவிடுவார். எனவே முழு நாட்டையும் ஒரே மேப்பில் போடும் ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு ஊர், ஒரு ஆறு, ஒரு காடு போதும். இன்னொரு வரம்பு சிரிக்க வைத்தது. மாலிக் கபூர் கொண்டுபோன யானைகள் 512 என்று தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ கணக்குச் சொல்கிறார். இந்த விளையாட்டில் ஒருவர் உருவாக்கக்கூடிய மொத்த மக்கள்தொகையின் உச்ச வரம்பே 500.

எனக்கு இதில் பிடிக்காதது, அத்தியாயங்களுக்கு நடுவே நினைவு அறுந்துபோவது. முதல் அத்தியாயத்தில் காப்பாற்றிய தளபதி இரண்டாவதில் தானாக வர மாட்டார். எக்ஸ்எஸ் என்ற ஸ்கிரிப்ட் வழியாக எண்களை ஒரு கோப்பில் எழுதி அடுத்த அத்தியாயத்தில் படிக்க வழி உண்டு. ஆனால் அது ட்ரிகர் போடுவதைப் போல எளிதல்ல, அங்கே நிரல் எழுதத்தான் வேண்டும்.

வெஸ்னாத்

இலவசம், திறந்த மூலம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். 2003-இல் டேவிட் ஒயிட் தொடங்கியது, இன்றும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். பார்க்கப் பழைய காலத்து விளையாட்டு போல இருக்கும். அறுகோணக் கட்டங்கள், சின்னச் சின்ன உருவங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். அது என் பிசகு.

இதன் மேப் ஒரு சாதாரண உரைக் கோப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எழுத்துகளில் ஒரு குறி: புல்லுக்கு ஒன்று, ஆழமில்லாத தண்ணீருக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. காற்புள்ளியால் பிரித்து வரிசையாக அடுக்கியிருக்கும். எடிட்டரில் வரையலாம், நோட்பேடில் திறந்தும் திருத்தலாம். அத்தியாயம் டபிள்யூஎம்எல் என்ற குறிமொழியில் எழுதப்படுகிறது. யார் எந்தப் பக்கம், எத்தனை பொன், எந்த முறையில் என்ன நடக்கும், ஜெயித்தால் அடுத்த அத்தியாயம் எது, எல்லாம் அந்தக் கோப்பில். விளையாட்டோடு வரும் கேம்பெயின்களின் கோப்புகள் அத்தனையும் உங்கள் கணினியிலேயே படிக்கும்படி கிடக்கின்றன. எனக்குப் பாடம் சொன்னவை அவைதான். ஒன்றைத் திறந்து பெயரை மாற்றி ஓட்டிப் பார், ஓடியதும் இன்னொன்றை மாற்று, அவ்வளவுதான்.

இங்கேதான் என் கதையின் மழை வேலை செய்தது. மாலிக் கபூரின் பலம் குதிரை. வெஸ்னாத்தில் குதிரை வீரருக்குப் புல்வெளியில் ஒரு கட்டம் நகர ஒரு புள்ளி செலவாகும், சதுப்பில் நான்கு. புல்லில் எதிரியின் அடி தவற 40 சதவீத வாய்ப்பு, சதுப்பில் 20 தான். சரி, ஆறாம் முறையில் மழை பெய்யட்டும் என்று ஒரு நிகழ்வு எழுதினேன். குறிப்பிட்ட கட்டங்களின் நிலத்தைப் புல்லிலிருந்து சதுப்பாக மாற்று என்று ஏழெட்டு வரி. ஓட்டிப் பார்த்தேன். அதுவரை ஒரே மூச்சில் எட்டுக் கட்டம் பாய்ந்துகொண்டிருந்த குதிரைகள் இரண்டு கட்டத்தில் நின்றன. பின்னால் ஓடிக்கொண்டிருந்த என் ஈட்டிக்காரர்கள் திரும்பினார்கள். வசனம் இல்லை, சினிமா இல்லை, கோப்பில் ஏழெட்டு வரி. குஸ்ரோ மழையைப் பற்றி ஏன் அவ்வளவு புலம்பினார் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது நினைவு. வெஸ்னாத்தில் உயிர் பிழைத்த வீரர்கள் அனுபவத்தோடு அடுத்த அத்தியாயத்துக்கு வருகிறார்கள், பொன் கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அதனால் ஆட்டக்காரர் பின்வாங்கக் கற்றுக்கொள்கிறார். வீர பாண்டியன் செய்ததும் அதுதானே? நின்று மோதாமல் ஊர் ஊராக நழுவினான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் அதே ஓட்டத்தைச் செய்தபோது ஆட்டக்காரருக்கு வீரர்கள் மேல் ஒட்டுதல் வரவில்லை. செத்தால் இன்னொருவரைப் பயிற்றுவிக்கலாம் அல்லவா.

குறைகளும் உண்டு. யானை வேண்டுமென்றால் படம் வரைய ஆள் தேடுங்கள். நிற்பது, நடப்பது, அடிப்பது என்று ஒரு உருவத்துக்குப் பல சட்டகங்கள் வேண்டும். ஆட்-ஆன் சர்வரில் ஏற்றுவதானால் உரிமம் சுத்தமாக இருக்க வேண்டும், இணையத்தில் கண்ட கோயில் படத்தை வெட்டி ஒட்ட முடியாது. அப்புறம், அடி விழுமா விழாதா என்பதைப் பகடைதான் தீர்மானிக்கிறது. கவனமாகத் திட்டமிட்ட அத்தியாயம் ஒரு கெட்ட உருட்டலில் கவிழும்போது ஆட்டக்காரர் திட்டுவது உங்களைத்தான்.

மெடீவல் 2 டோட்டல் வார்

2006-இல் வந்த விளையாட்டு. இன்றும் இதற்கு மாட், அதாவது விளையாட்டை மாற்றி அமைக்கும் தொகுப்பு, செய்கிறவர்கள் குறையவில்லை. டோல்கீனின் உலகத்தை முழுக்க இதில் கட்டிய தேர்ட் ஏஜ் மாட் தெரியாத டோட்டல் வார் ரசிகர் இல்லை. காரணம், இதன் கேம்பெயின் மேப்பை உருவாக்கச் சிறப்பு மென்பொருள் எதுவும் தேவையில்லை. படம் வரையும் மென்பொருளும் நோட்பேடும் போதும். மேப் என்பதே டிஜிஏ என்ற வகைப் படக் கோப்புகள் சிலதான்.

முதல் படம் மாகாணங்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு தனி நிறம். அதற்குள் ஒரு கறுப்பு பிக்சல் இருந்தால் அது நகரம், ஒரு வெள்ளை பிக்சல் இருந்தால் துறைமுகம். இன்னொரு படம் உயரம், முதல் படத்தைப் போல இரண்டு மடங்கும் ஒரு பிக்சலும். மூல விளையாட்டில் மாகாணப் படம் 295க்கு 189, உயரப் படம் 591க்கு 379. பிறகு நிலவகை ஒன்று, தட்பவெப்பம் ஒன்று, ஆறுகளுக்கு ஒன்று. ஆற்றைச் சாய்வாக வரையக் கூடாது, படிக்கட்டு மாதிரி பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகத்தான் பிக்சல்கள் தொட வேண்டும். தொடக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. 666 கிலோமீட்டரை 189 பிக்சலில் அடைத்தால் ஒரு பிக்சலுக்கு மூன்றரை கிலோமீட்டர். காவிரி பிரிந்து சேரும் ஸ்ரீரங்கத் தீவின் அகலமே அதற்குள் அடங்கிவிடும், ஆகவே ரங்கநாதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

உயரத்துக்குக் கையால் மலை வரைய வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் நாசாவின் விண்கலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ஏற்றி, வேண்டிய பகுதியை வெட்டி, சாம்பல் நிறப் படமாக எடுத்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் அச்சு அசலாக வந்து விழுந்ததைப் பார்த்தபோது குஷியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேட்டூரில் ஒரு வழுவழுப்பான தட்டை கண்ணில் பட்டது. அணையின் நீர்ப்பரப்பு! 1934-இல் கட்டி முடித்த அணை என் 1311 மேப்பில் நீர் தேக்கி வைத்திருந்தது. வைகை அணையிலும் அதே கதை. இரண்டையும் கையால் அழித்துப் பள்ளத்தாக்கு ஆக்கினேன்.

பிறகுதான் உண்மையான சிக்கல். வீர பாண்டியனின் தலைநகராகக் குஸ்ரோ சொல்லும் பீர்தூல் எந்த ஊர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வெஸ்னாத்தில் 'பீர்தூல்' என்று ஒரு கோட்டையை வைத்து, பக்கத்தில் ஆறு ஒன்றை ஓடவிட்டு நழுவிவிடலாம். இங்கே ஒரு கறுப்பு பிக்சல் வைத்தே ஆக வேண்டும். கருவி கேட்கும் துல்லியம் வரலாற்றிடம் இல்லாதபோது, நாம் முடிவெடுக்கிறோம், ஆட்டக்காரர் அதை வரலாறு என்று நம்புகிறார். எனக்கு இது உறுத்தலாகவே இருந்தது.

தவறு செய்தால் இந்த விளையாட்டு என்ன சொல்லும்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடும். துறைமுகப் பிக்சல் கடலைத் தொடாமல் ஒரு கட்டம் உள்ளே இருந்தாலும் அதே, இல்லாத மாகாணப் பெயரை உரைக் கோப்பில் எழுதினாலும் அதே. முதல் வேலையாகப் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பு எழுதும்படி அமைப்பை மாற்றி வையுங்கள். இரண்டாவது, படத்தில் எதை மாற்றினாலும் அந்த ஃபோல்டரில் இருக்கும் ஆர்டபிள்யூஎம் கோப்பை அழியுங்கள். விளையாட்டு படங்களைப் படித்துத் தொகுத்து வைத்துக்கொள்ளும் கோப்பு அது. அது இருக்கும்வரை பழைய மேப்தான் வரும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மதுரையை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன், மதுரை அசையவே இல்லை.

மூன்றாவது, ஆயங்கள். படம் வரையும் மென்பொருள் மேலிருந்து கீழே எண்ணும். விளையாட்டின் உரைக் கோப்பு கீழிருந்து மேலே எண்ணும். கழித்துப் போட மறந்தால் கன்னியாகுமரியில் நிற்க வேண்டிய தளபதி கர்நாடகத்தில் நிற்பார், அல்லது கடலில் மிதப்பார், அதாவது கிராஷ்.

வரம்புகள் இரும்பு மாதிரி. மாகாணங்கள் சுமார் 200, கட்சிகள், அதாவது மோதிக்கொள்ளும் அரசுகள், கலகக்காரர்களையும் சேர்த்து 31. பாண்டியர் கதைக்கு இவை தாராளம். ஆனால் மேப் முடிந்ததும்தான் நம் ஊர் வீரர்கள் இதில் இல்லை என்ற நினைவு வரும். ஐரோப்பிய நைட்டை வைத்து மதுரையைக் காக்க மனம் வராது. முப்பரிமாண மாடல், உடைக்கான படம், அசைவு எல்லாம் செய்ய ஆள் வேண்டும். மேப் ஒரு மாதம் என்றால் படைகள் ஒரு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், தனியாளாக இருந்தால் அதற்கும் மேலே.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் வரைந்த நிறப் புள்ளிகள் விளையாட்டுக்குள் மலையாகவும் ஆறாகவும் எழுந்து நிற்பதை முதன்முதலில் பார்க்கும் சந்தோஷம் மற்ற மூன்றிலும் இல்லை. மேப்பே உங்கள் காதல் என்றால், கதை இரண்டாம் பட்சம் என்றால், தயங்காமல் இதற்குப் போங்கள்.

க்ரூசேடர் கிங்ஸ் 3

கொள்கையளவில் இதுவும் நிறப் படம்தான். ஒவ்வொரு பாரனிக்கும் (barony), அதாவது ஆகச் சிறிய நிலத்துண்டுக்கும், ஒரு நிறம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் பெயரும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில். பாரனிகள் சேர்ந்து கவுண்டி, அவை சேர்ந்து டச்சி, ராஜ்யம், பேரரசு. ஆனால் அளவைப் பாருங்கள். 2020-இல் வெளிவந்தபோது இதன் மேப் 8192க்கு 4096 பிக்சல். மெடீவல் 2 மாகாணப் படத்தைப் போல 600 மடங்கு. நான் ஓரத்தை மென்மையாக்கும் தூரிகையால் வரைந்து சேமித்தேன். இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையெல்லாம் நடுத்தர நிறங்கள் முளைத்து, பிழைப் பதிவில் பக்கம் பக்கமாக 'இந்த நிறம் யாருடையது' என்று கேள்வி வந்தது. கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் தூரிகை வேண்டாம், பென்சிலை எடுங்கள்.

நல்ல விஷயம், இது சத்தமில்லாமல் சாவதில்லை. பிழைப் பதிவு விவரமாக இருக்கும். கோப்புகளை முன்கூட்டியே சரிபார்க்கும் டைகர் என்ற ரசிகர் கருவியும் உண்டு. கெட்ட விஷயம், விளையாட்டு இன்னும் வளர்கிறது. ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் உங்கள் மேப்பைத் திறந்து எது உடைந்தது என்று பார்க்க வேண்டும். மெடீவல் 2-க்கு அந்தத் தொல்லை இல்லை, அதன் அப்டேட் எப்போதோ நின்றுவிட்டது. எல்டர் கிங்ஸ் 2, ரியல்ம்ஸ் இன் எக்ஸைல் போன்ற முழு உலக மாட்களின் பின்னால் குழுக்கள் இருப்பது சும்மா இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நான் சொல்வது, பாண்டியர் கதைக்கு இதில் மேப்பே வரைய வேண்டாம். இந்தியா ஏற்கனவே இருக்கிறது. சோழ, பாண்டிய நாடுகள் ஏற்கனவே இருக்கின்றன. 867, 1066, பிறகு சேர்ந்த 1178 என்று தொடக்க ஆண்டுகள் உண்டு, ஆட்டம் 1453 வரை போகும். நமக்கு வேண்டியது 1310-இல் ஒரு புதிய தொடக்கம் மட்டுமே. கதாபாத்திரக் கோப்பில் குலசேகரனும் இரண்டு பிள்ளைகளும், பட்டக் கோப்பில் யார் எதை ஆள்கிறார் என்ற வரிகள், தொடக்கத் திரைக்கு ஒரு குறிப்பு. தில்லியில் அலாவுதீன் கில்ஜி, துவாரசமுத்திரத்தில் மூன்றாம் வல்லாளன், வாரங்கலில் பிரதாபருத்திரன் என்று பக்கத்து நாடுகளையாவது நிரப்ப வேண்டும். உலகம் முழுக்க நிரப்ப உட்கார்ந்தால் அது தனி ஆராய்ச்சி. பிழைப் பதிவோடு மல்லுக்கட்டினாலும் பிக்சலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அண்ணன் தம்பிச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எனக்குத் தெரியாது. தகப்பனைக் கொல்லச் சதி, உரிமை கோருதல், பங்காளிகளைப் பக்கம் சேர்த்தல், வெளியாளிடம் உதவி கேட்டல் எல்லாம் இதன் அடிப்படை இயக்கங்கள். சுந்தரன் செய்ததாக வஸ்ஸாஃப் சொல்வதை ஆட்டக்காரர் செய்யலாம், செய்யாமலும் விடலாம். ஆனால் துரத்தலும் மழையும் இங்கே ஒன்றுமில்லை. படை ஒரு நிலத்துண்டிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு போட்டு நகரும், அவ்வளவுதான்.

எதை எடுப்பது

காசு முதலில். வெஸ்னாத் இலவசம், மற்ற மூன்றும் காசு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் திராவிடர்கள் வேண்டுமென்றால் விரிவாக்கமும் தனியாக வாங்க வேண்டும். தள்ளுபடி நாள் வரும்வரை பொறுத்திருங்கள். காசு கொடுத்து வாங்கும் அந்த மூன்றிலும் நீங்கள் செய்வதை விற்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

யார் ஆடப்போகிறார்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடாதவர் அரிது. வெஸ்னாத் என்று சொன்னால் 'அது என்ன' என்பார்கள். நாலு பேர் ஆடிப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது ஆசையானால் ட்ரிகர்களோடு மல்லுக்கட்டுவதே மேல்.

வாரம் ஒரு நாள்தான் கிடைக்கும் என்பவர் மெடீவல் 2 பக்கம் போக வேண்டாம். ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்பினால் எந்தப் பிக்சலை ஏன் மாற்றினோம் என்றே நினைவிருக்காது. வெஸ்னாத்தில் ஒரு சனிக்கிழமைக்குள் ஒரு அத்தியாயம் ஓடக்கூடிய நிலைக்கு வந்துவிடும், அழகாக இல்லாவிட்டாலும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் இரண்டு வார இறுதிகள். க்ரூசேடர் கிங்ஸில் புதிய தொடக்கம் மட்டும் என்றால், வரலாற்றுப் புத்தகத்தை எவ்வளவு வேகமாகப் படிப்பீர்கள் என்பதைப் பொறுத்தது.

என் கதையின் திருப்பம் அரண்மனையில் நடக்கிறதா, சேற்றில் நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். அரண்மனை என்றால் க்ரூசேடர் கிங்ஸ். எனக்கு அது சேற்றில் நடந்தது. வெஸ்னாத்தில் இப்போது மூன்று அத்தியாயங்கள் ஓடுகின்றன. 60 கட்ட உயரமுள்ள சின்ன மேப்கள், பாம்பன் எதிலும் இல்லை. யானைக்குப் படம் வரைய இன்னும் ஆள் கிடைக்காததால் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் மேல் ஏறிப் பறக்கும் வீரன் தற்காலிகமாக யானை வேடம் போட்டிருக்கிறான். மதுரையைக் காலி செய்யும் நான்காம் அத்தியாயத்தில் அவன் வரிசையில் முன்னே போக வேண்டும், கோட்டை வாசலில் நெரிசலாகி எல்லாரையும் தாமதப்படுத்த வேண்டும். நேற்று ஓட்டிப் பார்த்தேன். மதில் மேலே ஏறிப் பறந்து போய்விட்டான்.